ஒரு ஆளுக்கு எத்தனை கிலோ வண்டி?

டில்லி நகரம். ஜனவரி மாதம், காலை ஒன்பது மணி. சாலை முழுவதும் மூடுபனி. பனி மட்டும் அல்ல, புகையும் கலந்திருக்கிறது. சிக்னலில் சிவப்பு விளக்கு எரிகிறது. வண்டிகள் நிற்கின்றன.

முன்னால் ஒரு பெரிய வண்டி நிற்கிறது. ஜீப்பைப் போல உயரம். பருத்த டயர்கள். படியில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். உள்ளே ஏழு பேர் உட்காரலாம். ஆனால் இருப்பது ஒரே ஒருவர். ஆபீசுக்குப் போகிறார். கண்ணாடியை ஏற்றிவிட்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா. அதை மிதிப்பவர் துண்டால் மூக்கைக் கட்டியிருக்கிறார். அவர்களுக்குப் பின்னால் ஒரு பஸ். அதில் நிற்கவும் இடம் இல்லை.

இந்த மாதிரிப் பெரிய வண்டிகளை எஸ்.யு.வி. என்று சொல்கிறார்கள். உங்கள் ஊர்ச் சாலையிலும் பார்த்திருப்பீர்கள். இப்போது நாட்டில் அதிகம் விற்பது இவைதான்.

முன்பு அப்படி இல்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 என்ற சிறிய கார் வந்தது. அதன் எடை சுமார் 650 கிலோ. நடுத்தரக் குடும்பத்தார் பலருக்கு அதுதான் முதல் கார். உயரமான வண்டி என்றால் ஜீப்தான். அது போலீசாரிடமும் காட்டு இலாகாவிலும் இருக்கும். 1994இல் டாடா சுமோ வந்தது. 2000இல் பொலேரோ வந்தது. 2002இல் ஸ்கார்ப்பியோ வந்தது. பிறகு ஒவ்வொரு கம்பெனியும் உயரமான வண்டி செய்யத் தொடங்கியது.

2013-14ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 25 லட்சம் புதிய கார்கள் விற்றன. அவற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் பெரிய வண்டி. 2024-25ஆம் ஆண்டில் சுமார் 43 லட்சம் விற்றன. அவற்றில் ஏறக்குறைய 28 லட்சம் பெரிய வண்டிகள். அதாவது மூன்றில் இரண்டு பங்கு. மாருதி 800 செய்வது 2014இலேயே நின்றுவிட்டது.

ஏன் இப்படி ஆயிற்று? வாங்குபவர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள். சாலையில் பள்ளம் இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிறது. உயரமான வண்டி என்றால் அடி தட்டாது. உயரத்தில் உட்கார்ந்தால் சாலை நன்றாகத் தெரிகிறது. இவை பொய் அல்ல. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெரிய வண்டியில் வந்து இறங்கினால் ஒரு மதிப்பு. கல்யாண மண்டபத்து வாசலில் அது நன்றாகவே தெரியும்!

அரசின் வரியும் ஒரு வழி காட்டியது. 2006ஆம் ஆண்டு பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கு வரி குறைந்தது. 4 மீட்டருக்குள் நீளம் இருக்க வேண்டும். எஞ்சினும் சிறியதாக இருக்க வேண்டும். இதுதான் நிபந்தனை. உயரத்தைப் பற்றியும் எடையைப் பற்றியும் பேச்சே இல்லை. கம்பெனிகள் என்ன செய்தன? நீளத்தை 4 மீட்டருக்குள் அடக்கின. உயரத்தை ஏற்றின. வரியோ சிறிய காருக்கு உரியது. பார்வைக்கோ பெரிய வண்டி. சிறிய காருக்குக் கொடுத்த சலுகை இப்படியும் பயன்பட்டது.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி ஒன்றின் எடை 1,800 கிலோ. ஓட்டுபவரின் எடை 60 கிலோ. 1,800ஐ 60ஆல் வகுத்தால் 30 வருகிறது. ஆளின் எடை ஒரு கிலோ என்றால் வண்டியின் எடை 30 கிலோ. போட்ட எண்ணெயில் பெரும்பகுதி ஆளை நகர்த்தச் செலவாகவில்லை. இரும்பை நகர்த்தத்தான் செலவாகிறது.

அப்படியானால் பெரிய வண்டியே கூடாதா? வடகிழக்கு மாநிலங்களைப் பாருங்கள். மிசோரம், நாகாலாந்து, அருணாசலப் பிரதேசம் எல்லாம் மலைநாடு. ரயில் போகாத ஊர்கள் மிகுதி. அங்கே ஊருக்கு ஊர் போக ஷேர் வண்டிதான். அதற்குச் 'சுமோ' என்றே பெயர் ஆகிவிட்டது. பத்துப் பேர் நெருக்கி உட்காருவார்கள். மேலே மூட்டை முடிச்சு ஏறும். அந்த வண்டியும் ஏறத்தாழ 1,800 கிலோதான். ஆனால் ஆளுக்கு 180 கிலோதான் வருகிறது. டில்லி சிக்னலில் நின்றவருக்கோ முழு 1,800 கிலோ. வண்டி ஒரே மாதிரிதான். ஏறும் ஆட்கள்தான் வேறு.

எடை கூடினால் எண்ணெய்ச் செலவு கூடும். எண்ணெய் கூடினால் புகை கூடும். இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். அது எரிந்தால் வரும் கரியமில வாயுவின் எடை 2 கிலோ 300 கிராம்! முக்கால் கிலோ எப்படி 2 கிலோவுக்கு மேல் ஆகும்? பெட்ரோலில் கரிச்சத்து இருக்கிறது. எரியும்போது அது காற்றில் உள்ள பிராண வாயுவுடன் சேருகிறது. ஒரு லிட்டருக்கு 1 கிலோ 700 கிராம் பிராண வாயு போய்ச் சேருகிறது. அதனால்தான் எடை கூடுகிறது. கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது. மணமும் இல்லை. ஆனால் அது பூமியின் வெப்பத்தை வெளியே போக விடாமல் பிடித்து வைக்கிறது. போர்வையைப் போல.

ஒருவர் நாள்தோறும் 30 கிலோமீட்டர் போய் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெரிசலில் சிறிய கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் 2 லிட்டர் ஆகும். பெரிய வண்டி 10 கிலோமீட்டர் ஓடினால் 3 லிட்டர் ஆகும். ஒரு லிட்டர்தானே வித்தியாசம்? வருடத்தில் 300 நாள் என்றால் 300 லிட்டர். கரியமில வாயு 690 கிலோ கூடுகிறது. அதுவும் ஒரே ஒரு வண்டியில். உலகம் முழுவதும் ஓடும் இத்தகைய வண்டிகள் 2023இல் வெளியிட்ட கரியமில வாயு 100 கோடி டன்னுக்கு மேல். இந்த எண்ணெயும் நம் நாட்டில் போதிய அளவு கிடைப்பதில்லை. நூறு லிட்டர் கச்சா எண்ணெயில் 85 லிட்டருக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறோம்.

டில்லியில் இன்னொரு தொல்லையும் உண்டு. குளிர்காலத்தில் மேலே போக வேண்டிய புகை போவதில்லை. குளிர்ந்த காற்று தரையோடு படிந்துவிடுகிறது. பானைக்கு மூடி போட்டது போல் ஆகிவிடுகிறது. தொழிற்சாலைப் புகை, லாரிப் புகை, கட்டட வேலைத் தூசி, பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரிக்கும் வைக்கோல் புகை, எல்லாம் அந்தப் பானைக்குள்தான். எல்லாப் பழியையும் கார்கள்மேல் போட முடியாது. ஆனால் கார்களுக்கும் அதில் பங்கு உண்டு. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012இல் அறிவித்தது.

2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. 2,000 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களை டில்லிப் பகுதியில் புதிதாகப் பதிவு செய்யக்கூடாது என்றது. சில வாரங்களில் என்ன நடந்தது தெரியுமா? ஒரு பெரிய கம்பெனி 2,000 சி.சி.க்குச் சற்றே குறைந்த எஞ்சினைக் கொண்டு வந்தது. வண்டி அதே உயரம்தான். 2016 ஆகஸ்டில் தடை நீங்கியது. அதற்குப் பதிலாக விலையில் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் சுற்றுச்சூழல் கட்டணம் வந்தது. இருபது லட்சம் கொடுப்பவருக்கு இன்னும் இருபதாயிரம் பெரிய பாரமா?

2020 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்கு பி.எஸ். 6 விதி வந்தது. இதனால் கரித்தூள் நன்றாகக் குறைந்தது. இது நல்ல காரியம். ஆனால் கரியமில வாயுவை எந்த வடிகட்டியும் பிடிப்பதில்லை. டயர் தேய்ந்து வரும் தூசியும் குழாய் வழியாக வருவது அல்ல. வண்டி கனத்தால் டயர் அதிகம் தேயும்.

மின்சார வண்டி வந்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அதில் புகைக் குழாய் இல்லை. அந்த மட்டில் டில்லிக்கு நல்லது. ஆனால் நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியில்தான் தயாராகிறது. பெரிய மின்சார வண்டிக்குப் பெரிய பேட்டரி வேண்டும். அதன் கனமும் சேர்ந்துகொள்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் வரி மாறியது. சிறிய காருக்கு 100 ரூபாய்க்கு 18 ரூபாய். பெரியதற்கு 40 ரூபாய். முன்பு பெரியதற்கு 50 ரூபாய் வரை இருந்தது. ஆகவே இரண்டுமே விலை இறங்கின.

2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நூறு குடும்பங்களில் எட்டுக் குடும்பத்திடம்கூடக் கார் இல்லை. மற்றவர்கள் நடந்தும் சைக்கிளிலும் பைக்கிலும் பஸ்ஸிலும் போகிறார்கள். புகையைச் சுவாசிப்பதில் மட்டும் பாகுபாடு கிடையாது. கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டவருக்குச் சற்றுக் குறைவு. ரிக்‌ஷா மிதிப்பவருக்கு அதிகம். மூச்சு வாங்க மிதிக்கிறார் அல்லவா!

அந்தச் சிக்னலில் நின்ற பஸ்ஸுக்கும் கணக்குப் போடலாம். காலி பஸ்ஸின் எடை சுமார் 11 டன். 50 பேர் ஏறினால் ஆளுக்கு 220 கிலோ. அந்த 50 பேரும் ஆளுக்கொரு பெரிய வண்டியில் வந்தால் 50 வண்டி. ஒரு வண்டியின் நீளம் 4 மீட்டர் 60 சென்டிமீட்டர். ஒன்றையொன்று முட்டி நின்றால்கூட வரிசை 230 மீட்டர் நீளும். பஸ்ஸின் நீளம் 12 மீட்டர்.