அயலானுக்கு ஒரு பழஞ்சொல்

அந்தமானின் ஜாரவா மொழியில் வெளியாளுக்கு ‘இனென்’ என்று பெயர். போர்ட் பிளேரில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தமிழரும் அவர்கள் கணக்கில் இனென்தான். தெற்கே லிட்டில் அந்தமானில் வாழும் ஓங்கே மக்கள் இதையே ‘இனெனெ’ என்கிறார்கள். நம் ‘இன’த்தோடு இதை முடிச்சுப் போட்டுவிட வேண்டாம், பொருளே நேரெதிர்!

2011 கணக்கெடுப்பில் ஜாரவாக்கள் 380 பேர், ஓங்கேக்கள் 101 பேர். இரு மொழிகளுக்கும் பழைய ஏடு கிடையாது, கல்வெட்டு கிடையாது. ஆனாலும் இவற்றின் தாய்மொழியில் அந்தச் சொல் எப்படி ஒலித்திருக்கும் என்று கணக்கிட முடியும். 2007இல் மொழியியலாளர் ஜூலியட் பிளெவின்ஸ் அதைச் செய்தார். அந்தத் தாய்மொழிக்குத் தொல்-ஓங்கன் என்று பெயர். அதில் இச்சொல் *இனென். முன்னால் உள்ள நட்சத்திரம், ‘இது எங்கும் பதிவாகாத, ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவம்’ என்பதற்கான அடையாளம்.

ஜாரவா வடிவமே பழையது என்று எப்படித் தெரியும்? தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்: ஜாரவாவில் ‘இங்’, ஓங்கேயில் ‘இஙெ’. அங்கே மெய்யில் முடியும் சொல்லுக்கு இங்கே ஓர் எகரம் வால் முளைக்கிறது. ‘கண்’ணை நாம் ‘கண்ணு’ என்றும், ‘பாலை’க் கேட்கும்போது ‘பாலு இருக்கா’ என்றும் பேசுவதில்லையா, அதே கதைதான். ஆதியிலேயே இருந்து ஜாரவாவில் உதிர்ந்துபோன உயிர் என்றால், ஓங்கேயில் அ, இ, உ என்று பலவும் கலந்து மிஞ்சியிருக்க வேண்டும். எங்கு பார்த்தாலும் எகரமே வந்தால், அது பின்னால் வந்து ஒட்டியது.

இலக்கணமும் கூடவே மீள்கிறது. ஓங்கேயில் ‘முகம்’ என்று மொட்டையாகச் சொல்லிவிட முடியாது. யாருடைய முகம் என்பது சொல்லின் தலையிலேயே ஏற வேண்டும். ‘என்’னுக்கு ம், ‘உன்’னுக்கு ங். உடலுறுப்பை உடையவரிடமிருந்து பிரிக்காத இந்தப் பழக்கம் பெரிய அந்தமானிய மொழிகளிலும் உண்டு. ஆனால் அவை வேறு குடும்பம் என்கிறார் அவற்றுக்கு இலக்கணம் எழுதிய அன்விதா அப்பி.

பிளெவின்ஸ் அதோடு நிற்கவில்லை. மலாய், ஜாவா, பிலிப்பைன்ஸ் மொழிகளின் மூதாதைக்குத் தொல்-ஓங்கன் உடன்பிறப்பு என்றார். ராபர்ட் பிளஸ்ட் 2014இல் அதை மறுத்தார்: தற்செயலான ஒற்றுமைகளை உறவென்று கொள்ள முடியாது என்றார். அவர் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. எகரக் கணக்கு நிற்கிறது, இந்த உறவுக் கணக்கு நிற்கவில்லை.

அதே அந்தமானின் சென்டினல் தீவினருடைய மொழியும் ஓங்கன் குடும்பம்தான் என்பது வெறும் ஊகம். 1991இல் அவர்கள் கடலில் இறங்கி வந்து, மானிடவியல் ஆய்வுக் குழுவினரிடம் தேங்காய் வாங்கிக்கொண்டார்கள். வெளியாளுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் இன்றுவரை எந்த அகராதியிலும் ஏறவில்லை.