புற்றுக்காளானும் பச்சைத்தூள் காளானும்

மழைக்கு அப்புறம் நம்ம ஊர்ல முளைக்கிற வெள்ளைக் குடைக் காளான்கள்ல ரெண்டை மட்டும் இங்கே எடுத்துக்கிறேன். ஒன்று, ஆசையாகப் பறித்துக் குழம்பு வைக்கும் புற்றுக்காளான் (டெர்மிடோமைசெஸ் பேரினம்). இன்னொன்று குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். இதுக்குப் பரவலான தமிழ்ப் பெயர் எனக்குக் கிடைக்கல. பச்சைத்தூள் காளான்னு வச்சுக்குவோம். சாப்பிட்டால் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு. குழந்தைகளுக்கு நீரிழப்பு ஆபத்தாகிவிடும்.

மேலே இருந்து பார்த்தா ரெண்டும் குடைதான். பச்சைத்தூள் காளானின் குடையில் பழுப்புச் செதில்கள் இருக்கும். ஆனா மழை அதைக் கழுவிடலாம். தண்டில் வளையம் உண்டு. சில புற்றுக்காளான்களுக்கும் அது உண்டு. குடைக்கு அடியில் உள்ள மடிப்புகள் இளசாக இருக்கும்போது ரெண்டுக்கும் வெள்ளைதான்.

அதனால நான் முதல்ல பார்க்கிறது மண்ணுக்குக் கீழே. புற்றுக்காளானைக் கரையான்கள் வளர்க்கின்றன. தின்ற மட்கிய மரத்தையும் சருகையும் எச்சமாக அடுக்கி, அதன்மேல் இந்தப் பூஞ்சையைப் பயிர் செய்து உண்கின்றன. அந்தத் தோட்டத்திலிருந்து கிளம்பி வருவதால் பெரிய புற்றுக்காளானின் தண்டு வேர் மாதிரி நீண்டு கீழே போகும். மண்ணைத் துளைக்க வசதியாகக் குடையின் நடுவில் கூரான முனையும் இருக்கும். பச்சைத்தூள் காளானுக்குக் கரையானோடு தொடர்பில்லை. புல்வெளியில் மட்கைத் தின்று வளரும், பல நேரம் வட்டம் கட்டி நிற்கும். தண்டு அடியில் கொஞ்சம் பருத்து அங்கேயே முடிஞ்சிடும். பிடுங்கினா வேர் அறுந்துடும், இந்த வித்தியாசம் தெரியாது. தோண்டித்தான் எடுக்கணும்.

இரண்டாவது, வித்துத்தூள். குடையை மட்டும் வெட்டி, வெள்ளைத்தாளில் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி ராத்திரி முழுக்க விடுங்க. புற்றுக்காளான் வெளிர் இளஞ்சிவப்பாகத் தூள் உதிர்க்கும். மற்றது மங்கிய பச்சை. பச்சை வந்தா அத்தோட முடிஞ்சது, குப்பைக்குத்தான். ஆனா இளஞ்சிவப்பு வந்ததாலேயே சாப்பிடலாம்னு அர்த்தம் இல்லை. அதே நிறத்தூள் கொண்ட விஷக் காளான்களும் உண்டு. வேரும் தூளும் சேர்ந்து பொருந்தணும், காளான் தெரிஞ்சவர் ஒருத்தரும் பார்த்துச் சொல்லணும்.

"பூச்சி அரிச்சிருந்தா விஷமில்லை", "வெள்ளிக்காசு கறுக்கலைன்னா நல்லது" என்பதையெல்லாம் விட்டுடுங்க. பூச்சியின் வயிறும் நம்ம வயிறும் ஒண்ணில்லை. காளான் நஞ்சுக்கு வெள்ளி கறுக்காது. சாப்பிட்டு வாந்தி ஆரம்பிச்சா, மிச்சமிருக்கும் காளானையும் கையோட எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. எந்தக் காளான்னு தெரிஞ்சா வைத்தியம் சுலபம்.