லிமா ஊர்க்காரரும் வெடிக்கும் விண்மீன்களும்

பெரம்பூருக்கு லோகோ ஒர்க்ஸ் எப்படியோ, அமெரிக்காவின் லிமா நகரத்துக்கு ஒரு காலத்தில் நீராவி எஞ்சின் தொழிற்சாலை அப்படி. அங்கே வளர்ந்தவர் வில்லியம் ஃபவுலர் (1911–1995). ஏறத்தாழ 2,500 கி.மீ. நீராவி எஞ்சின் இழுக்கும் என்பதற்காகவும் 1973இல் சைபீரிய ரயிலில் மாஸ்கோ போன மனிதர்! 1983இன் இயற்பியல் நோபல் பரிசை, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகருடன் பகிர்ந்துகொண்டார்.

எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனான வெண்குறுமீனின் நிறை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்ட முடியாது என்று கணக்கிட்டவர் சந்திரசேகர். அந்த எல்லையை நெருங்கும்போது உள்ளிருக்கும் கார்பன் பற்றிக்கொண்டு விண்மீனே வெடித்துச் சிதறலாம்.

இப்படி விண்மீனுக்குள் நடக்கும் அணுக்கரு வினைகளை ஆய்வகத்தில் அளந்தவர் ஃபவுலர். கலிஃபோர்னியாவின் கெல்லாக் ஆய்வகத்தில் அணுக்கருக்களை உயர் மின்னழுத்தத்தால் முடுக்கி, மற்ற அணுக்கருக்களின்மேல் மோதவிட்டு, எவ்வளவு வினை நடக்கிறது என்று அவரும் குழுவினரும் அளந்தார்கள். விண்மீனில் உள்ள வேகத்திலேயே மோதவிட்டால் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது. நேர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளிவிடும். அதனால் கூடுதல் வேகத்தில் அளந்து, குறைந்த வேகத்துக்குக் கணக்குப்போட்டு இறங்க வேண்டும். பிழை நுழைவதும் அங்கேதான்.

இதே பணிக்காகக் கொல்கத்தாவின் சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தில் 30 லட்சம் வோல்ட் முடுக்கி ஒன்று நிறுவப்பட்டுள்ளது.