‘தொழிலாளி’ என்னும் சொல்லைக் கைவிடாதிருப்போம்



விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளில் வெந்தவர்களின் பிள்ளைகள் இன்று சென்னையிலும் பெங்களூருவிலும் கணினி முன் அமர்ந்திருக்கிறார்கள். கைவேலையைச் சாதி இழிவோடு சேர்த்தே சுமக்க வைக்கப்பட்ட நமக்கு, ‘தொழிலாளி’ என்ற சொல்லை உதறுவது விடுதலையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் சட்டத்தின் பாதுகாப்பு அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது.

தொழில்நுட்ப வேலை செய்பவரும் தொழிலாளியே என்றது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம். அதன் இடத்துக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. நிர்வாகிகளும், வரம்புக்கு மேல் சம்பளம் பெறும் மேற்பார்வையாளர்களும் இதில் வரமாட்டார்கள். ‘மேனேஜர்’, ‘லீட்’ என்று பட்டம் எதுவானாலும், உண்மையில் செய்யும் வேலை என்ன என்பதையே நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

ஓராண்டுக்கு மேல் பணிபுரிந்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பும், பணிசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் தரவேண்டும். ஆறாண்டு உழைத்தவருக்கு இது 90 நாள் சம்பளம். தானாக ராஜினாமா செய்தவருக்கு இந்த இழப்பீடு இல்லை. ராஜினாமாக் கடிதம் கேட்டு ஏன் நெருக்குகிறார்கள் என்பது இப்போது புரியும். 2015 ஜனவரியில் டிசிஎஸ் ஆட்குறைப்பின்போது, கர்ப்பிணி ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

பிற நாடுகளைப் பார்ப்போம். ஜெர்மனியில் பத்துப் பேருக்கு மேல் உள்ள நிறுவனத்தில் ஆறு மாதம் கடந்தவரைக் காரணமின்றி நீக்க முடியாது. ஆட்குறைப்பில் வயது, பணிக்காலம், குடும்பப் பொறுப்பு, உடற்குறை ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளவேண்டும். அமெரிக்காவில் சம்பளம் பன்மடங்கு அதிகம், பாதுகாப்போ குறைவு. பொதுவாக, காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம். எச்1பி விசாவில் இருப்பவர் வேலை இழந்தால் வேறு வேலை தேட 60 நாள்தான்.

ஆனாலும் அங்கே 2020இல் சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டுக்காகக் கலிபோர்னியா அரசுத் துறையே வழக்குத் தொடுத்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. சாதி பிறந்த நம் நாட்டில் தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பொறுப்பேற்றவர் அண்ணல் அம்பேத்கர். அவரது வழியில் வரும் நாம், வற்புறுத்தலுக்கு அஞ்சி ராஜினாமாவில் கையெழுத்திட வேண்டாம். பணி நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துவோம். நீக்கப்பட்டவர் தனியாளாகவே தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் முறையிடலாம். சங்கமாகச் சேர்ந்து போனால் குரலுக்கு வலு கூடும்.