கொச்சி யூத மகளிரின் பாட்டு நோட்டுகள்: பதிப்பும் சமூக நினைவும்

கேரளத்தில் எட்டுத் தொழுகைக்கூடங்களைச் சார்ந்து வாழ்ந்த கொச்சி யூதர்களுள் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களைப் பற்றிப் பேசும்போது தமிழாய்வாளர்க்கு முதலில் நினைவுக்கு வருவது, கி.பி. 1000 அளவில் பாஸ்கர இரவிவர்மன் யோசேப்பு இரப்பானுக்கு அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு உரிமைகளும் வழங்கிய வட்டெழுத்துச் செப்பேடு. அது அரசன் அச்சமூகத்துக்கு எழுதிக் கொடுத்தது. சமூகம் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்தவற்றைத் தேடினால், மகளிரின் காகித நோட்டுகளுக்கே வந்து சேர்கிறோம்.

திருமணப் பாடல்கள், விவிலியக் கதைப் பாடல்கள், தொழுகைக்கூடங்களைப் போற்றும் பாடல்கள் முதலியவற்றைப் பெண்கள் மலையாள எழுத்தில் எழுதிவைத்தனர். ஒருவர் நோட்டைப் பார்த்து மற்றவர் படியெடுத்தனர். பார்பரா ஜான்சன் 1970களிலிருந்து இவற்றைத் தேடித் தொகுத்தார். ஸ்கரியா சக்கரியாவும் ஒபீரா கம்லியேலும் பதிப்பித்த தொகுப்பு 2005இல் எருசலேமில் வெளிவந்தது. ‘கார்குழலி’ என்னும் அதன் பெயர் நமக்கு உரை வேண்டாத சொல்.

நோட்டில் சொல் உண்டு, இசை இல்லை. ஒரே பாடல் வெவ்வேறு நோட்டுகளில் வேறுபடுகிறது. பாடியவர்க்கே பொருள் விளங்காத பழஞ்சொற்களும், இடையிடையே எபிரேயச் சொற்களும் வருகின்றன. சுவடிப் பதிப்பில் பயின்ற நம் கை உடனே ‘மூலபாடம்’ தேடும். இங்கு அப்பழக்கம் தீங்கு செய்யும் என்பது என் கருத்து. பிழையெனத் தோன்றும் வடிவத்தையே ஒரு குடும்பம் தலைமுறைகளாகத் திருமண வீட்டில் பாடியிருக்கலாம். அதைத் திருத்தினால் அக்குடும்பத்தின் குரல் அழிந்துவிடும். எனவே பாடபேதங்களை அடிக்குறிப்புக்குத் தள்ளாமல், யாருடைய நோட்டு, எந்தச் சபை, எந்தச் சடங்கு என்ற விவரங்களோடு தனித்தனிப் பனுவல்களாகவே அச்சிட வேண்டும். 2004இல் எருசலேமில் வெளியான இப்பாடல்களின் குறுந்தகடு, நோட்டு தராத இசையைத் தருகிறது. இரண்டையும் ஒருசேர வைத்தே பாடலைப் படிக்க முடியும்.

சமையற்குறிப்புகளிலும் இச்சிக்கல் உண்டு. இறைச்சியையும் பாலையும் ஒன்றுசேர்த்தல் யூத உணவுநெறியில் விலக்கு. தேங்காய்ப்பால் அவ்விலக்குக்கு உட்படாது என்பதால் இறைச்சிக் குழம்பில் தடையின்றிச் சேர்ந்தது. ‘தேங்காய்ப்பால் இரண்டு கிண்ணம்’ என்று மட்டும் பதிந்தால் கேரளச் சுவை தெரியும், சமயநெறி தெரியாது. பாஸ்காவுக்காக உலர்திராட்சையைக் கொதிக்கவைத்து வீட்டிலேயே எடுத்த மதுவும் அத்தகையது. அளவைக் கேட்பவர் காரணத்தையும் கேட்க வேண்டும். பெரும்பாலும் சமைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அதற்கு விடை கிடைக்கும். நேர்காணல் நாற்காலியில் கிடைப்பது அரிது.

பொருட்கள் இடம்பெயர்வது எளிது. மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் உள்மரவேலைப்பாடு இன்று எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு உள்ளது. அங்கே பாடிய பெண்களின் குரல்கள் அதே நகரில் தேசிய நூலகத்தின் ஒலிக்காப்பகத்தில் இருக்கின்றன. குடும்பப் புகைப்படங்களோ வீடுகளில் சிதறிக் கிடக்கின்றன. மூன்றையும் இணைக்கத்தக்கது பெயர்களின் அட்டவணை ஒன்றே: படத்தில் நிற்பவர் யார், அவர் எந்தச் சபையினர், அவருடைய நோட்டு எது. ஒலியையும் மரத்தையும் பின்னர் ஆராயலாம். படத்திலுள்ள முகத்துக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் முதியவர்கள். களப்பணி அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.