தண்டவாளத்தின் கதை - 14: காஞ்சனபுரியில் ஒரு நடுகல்

தாய்லாந்தின் மேற்குப் பகுதியில், குவாய் ஆற்றங்கரையில் இருக்கிறது காஞ்சனபுரி என்ற சிறு நகரம். அங்குள்ள தவோர்ன் வராராம் பௌத்தக் கோயில் வளாகத்தில் 2023 மே 1 அன்று ஒரு நடுகல் திறக்கப்பட்டது. சயாம்–பர்மா ரயில் பாதை போடும் வேலையில் மாண்ட தமிழர்களுக்கான கல் அது. தாய்லாந்து, மலேசியத் தமிழ் அமைப்புகளின் முயற்சி. தமிழ்நாடு அரசு 10 லட்சம் ரூபாய் வழங்கியது. தொழிலாளர் தினத்தில் திறந்தது மிகப் பொருத்தம்.

இந்தியாவின் போர்காட் மலை ரயில் பாதை வேலையில் 1861-இல் ஒரே சமயத்தில் 42,000 பேர் வேலை செய்ததையும், பொறியாளர் பெர்க்லியின் பெயர் மட்டும் நிலைத்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். அதே கதை, எண்பது ஆண்டு கழித்து, சயாம் காட்டில் இன்னும் கொடூரமாக நடந்தது.

1942 ஜூனில் மிட்வே கடற்போரில் தோற்ற ஜப்பானுக்கு, பர்மாவில் நின்ற தன் படைக்குக் கடல்வழியாகப் பொருள் அனுப்புவது ஆபத்தானது. எனவே தாய்லாந்தின் நோங் பிளாடுக்கில் தொடங்கி பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போட முடிவானது. மலை, மூங்கில் காடு, ஆறு, மலேரியா எல்லாம் நிறைந்த வழி. இரண்டு முனைகளிலிருந்தும் வேலை நடந்து, 1943 அக்டோபர் 17 அன்று தண்டவாளங்கள் கோன்கொய்தாவில் சந்தித்தன. சுமார் 16 மாதம்! தேவையான இரும்புக்கு மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்தே தண்டவாளங்கள் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன.

ஆட்களும் மலாயாவிலிருந்துதான் போனார்கள். போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாத நேரம். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு டாலர் கூலி என்று சொல்லி முதலில் ஆள் சேர்த்தார்கள். போனவர்கள் திரும்பாததால் சேர ஆளில்லை. பிறகு தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்குள் புகுந்து பிடித்தார்கள். இலவசப் படக்காட்சி என்று கூட்டி, கதவை அடைத்து, அப்படியே லாரியில் ஏற்றிய சம்பவங்களும் உண்டு. சரக்கு ரயிலின் இரும்புப் பெட்டிகளில் நாட்கணக்கில் பயணம்; இறங்கியபின் காட்டுக்குள் நடை. இப்படிப் போன மலாயாத் தொழிலாளர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பர்மியர், ஜாவானியர், சீனர் எல்லாரையும் சேர்த்தால் ஆசியத் தொழிலாளர் எண்ணிக்கை இரண்டு லட்சம் வரை போகிறது. இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

அதே பாதையில் நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேரும் வேலை செய்தார்கள். 12,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மழை, ஒரே அடி, ஒரே காலரா. ஆனால் கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகளும் மருத்துவர்களும் உடன் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், கழிவுக்குழி முகாமிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு போட அங்கே ஒரு படையமைப்பு இருந்தது. தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு அப்படிச் சொல்ல யாருமில்லை. 1943 மே, ஜூன் மாத மழையோடு காலரா வந்தபோது முகாம் முகாமாகச் சாய்ந்தார்கள். ஜப்பானியர்கள் கைதிகளிலிருந்தே கே படை, எல் படை என்று இரு மருத்துவக் குழுக்களை அனுப்பினார்கள். சில நூறு பேர் கொண்ட அந்தக் குழுக்கள் அந்தக் கூட்டத்துக்கு எந்த மூலைக்கு?

இந்த வேறுபாடு கல்லறை வரைக்கும் தொடர்கிறது. காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 6,982 பேர் அடங்கியிருக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது எல்லாம் இருக்கின்றன. அது எப்படி முடிந்தது என்பது தனிக் கதை. இந்த வாரம் அதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

முகாம்களில் கைதிகளின் அதிகாரிகள் யார் எந்த நாளில், எந்த நோயில் இறந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்று ரகசியமாகக் குறிப்பு எழுதி வந்தார்கள். கிடைத்த துண்டுத் தாளெல்லாம் பேரேடு ஆனது. சோதனையில் அகப்படாமல் இருக்க அந்தத் தாள்களைப் புட்டியிலும் தகரத்திலும் அடைத்துப் புதைத்தார்கள். சில இடங்களில் இறந்தவரின் குழியிலேயே வைத்தார்கள். போர் முடிந்த மறுமாதமே, 1945 செப்டம்பரில், பிரிட்டன், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு சிறு குழு அதே பாதையில், அதே ரயிலில் ஏறிப் புறப்பட்டது. நிலையம் நிலையமாக இறங்கி, கையிலிருந்த வரைபடத்தோடு காட்டுக்குள் தேடியது. 144 இடுகாடுகள், 10,549 கல்லறைகள். அவற்றில் 52 மட்டுமே கண்டுபிடிக்க முடியாமல் போயின. மூங்கில் ஓரிரு மழையில் மூடிவிடும் காட்டில் இது பிரமிக்க வைக்கும் கணக்கு. எலும்புகள் பின்னர் காஞ்சனபுரி, சுங்காய், தான்பியூசயாத் என மூன்று தோட்டங்களில் சேர்க்கப்பட்டன.

அந்தக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனவர் நகாசே தகாஷி என்ற ஜப்பானியர். காஞ்சனபுரியில் ராணுவக் காவல்துறைக்கு மொழிபெயர்த்தவர். எரிக் லோமாக்ஸ் என்ற பிரிட்டிஷ் கைதி சித்திரவதை செய்யப்பட்டபோது உடனிருந்தவர். தோண்டத் தோண்டக் கண்ட எலும்புகள் அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. பிற்காலத்தில் நூறு முறைக்கு மேல் தாய்லாந்து வந்தார், இந்த ரயில் பாதையின் குவாய் பாலத்தருகே சமாதானக் கோயில் ஒன்று கட்டினார். 1993-இல் அந்தப் பாலத்தருகிலேயே லோமாக்ஸைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். லோமாக்ஸ் மன்னித்தார்.

அந்தக் குழுவின் பட்டியலில் தமிழர்கள் இல்லை. தேடப்பட்டவர்கள் போர் வீரர்கள் மட்டும். மலாயாத் தொழிலாளர்களில் பலர் கூட்டமாகக் குழியில் தள்ளப்பட்டார்கள் அல்லது எரிக்கப்பட்டார்கள். 1990 நவம்பரில் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒன்றாகக் கிடைத்தன. திரையிலும் இதே நிலைதான். 1957-இல் வெளியாகி உலகமே பார்த்த ‘குவாய் நதிப் பாலம்’ படம் இலங்கையின் கித்துல்கலையில் எடுக்கப்பட்டது. அதன் கதையும் கைதிகளைப் பற்றியது; தோட்டத் தொழிலாளர்களைப் பற்றியது அல்ல. படம் பார்த்துவிட்டு வந்த பயணிகள் குவாய் நதியைத் தேடியதால், பாலம் நிற்கும் மேக்லோங் ஆற்றின் அந்தப் பகுதிக்கே 1960-ஐ ஒட்டிக் குவாய் யாய் என்று பெயர் சூட்டினார்கள்.

தமிழர்களைப் பதிவு செய்தது மலேசியத் தமிழ் இலக்கியம். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் கல் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிட்டன.

கல்லின் வடிவமாக நடுகல்லைத் தேர்ந்தது நல்ல முடிவு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழ்-பிராமி நடுகற்கள் இந்த மரபு இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையானது என்று காட்டுகின்றன. நிரை கவர்தலில் விழுந்தவனுக்குக் கல் நட்டு, பெயரும் ஊரும் எழுதுவது வழக்கம். காஞ்சனபுரியில் பெயர் எழுத வழியில்லாததால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கல். போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே அது நிற்பதால், அங்கே வருபவர்கள் இங்கேயும் வர முடிகிறது. காஞ்சனபுரி வழியாகப் போகும் ரயில் இன்றும் நாம்தோக் வரை ஓடுகிறது.