கடற்காற்றும் கரண்ட் பில்லும்

குளச்சலில் வெயிலைவிடப் புழுக்கம்தான் பொல்லாதது. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால், வேலூர் போல இங்கே சூடு ஏறாவிட்டாலும் வியர்வை உலருவதில்லை. அதனால் வீட்டில் மின்விசிறி இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்த மின்விசிறியின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். பழைய விசிறி ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். நாளுக்கு 20 மணி நேரம் என்றால், இரண்டு மாதத்தில் 90 யூனிட். பி.எல்.டி.சி. எனும் புதுவகை விசிறிக்கு 30 வாட் போதும். அதே ஓட்டத்துக்கு 36 யூனிட்தான். விலை கூடுதல் என்பது உண்மை. ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், அதிகம் ஓடுவதை முதலில் மாற்றுங்கள். ஆளில்லாத அறையில் எந்த விசிறியும் வேண்டாம். அது அறையைக் குளிர்விப்பதில்லை, நம் உடம்பின் வியர்வையைத்தான் உலர்த்துகிறது.

யூனிட்டைக் குறைக்க இன்னொரு காரணமும் உண்டு: 2022-இல் வந்த தமிழக மின்கட்டண முறையில், இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த விலையும் கைவிட்டுப் போகும். 480, 490 என்று நிற்பவர்கள் மீட்டரை அடிக்கடி எட்டிப் பாருங்கள்.

ஏசி இருந்தால் 24 டிகிரியில் வையுங்கள். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு. புழுக்கம் மட்டுமே தொல்லை என்றால் 'டிரை' என்ற பொத்தானே பல நேரம் போதும். வெளியே இருக்கும் பெட்டியில் கடற்காற்றின் உப்பு படியும், அதையும் அவ்வப்போது சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

பகலில் கடற்காற்று எழுந்ததும் ஏசியை நிறுத்திவிட்டு, கடல் பக்கத்து ஜன்னலையும் எதிர் ஜன்னலையும் சேர்த்துத் திறந்துவிடலாம். அதற்கு மட்டும் பில் வராது.